மீதி இருபது சதவீதம்

நடக்க முடியாதவர்களுக்கான ஆபீஸை மூன்றாவது மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ! லிஃப்டும் கிடையாது. பேச்சித்தாய் தன் புருஷன் கொம்பையாவை முதுகில் சுமந்துதான் ஏறினாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செத்துப்போன உடம்பு. படுக்கைப்புண் எலும்புவரை அரித்திருந்தது. பஸ்ஸில் அவருக்குச் சலுகை உண்டு. கூடப் போகிறவளுக்கும் சலுகை அட்டை கிடைத்தால்தான் வாராவாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட முடியும்.

அதிகாரி குணாளன் டாக்டர் சர்டிபிகேட்டைத் தட்டினார். "எண்பது சதவீத ஊனம்னுதானே போட்டிருக்கு? மீதி இருபது நல்லாத்தானே இருக்கு! அதை வச்சுத் தனியா போய்ட்டு வரட்டும். துணைக்கு ஆள் எதுக்கு?"

பேச்சித்தாய் புருஷனை அவர் எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"சரிங்க சார். அந்த இருபதை வச்சு அவுகளே இறங்கி வரட்டும். நான் கீழ நிக்கேன்."

இறங்கிப் போயே விட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அறையைப் பூட்ட வேண்டும். "எந்திரிய்யா" என்றார் குணாளன்.

"அந்த இருபது எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க சார், எந்திரிக்கேன்" என்றார் கொம்பையா.

கடைசியில் இரண்டு பியூன்கள் தோளைப் பிடிக்க, குணாளன் காலைப் பிடிக்க, மூச்சிரைக்க இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

பேச்சித்தாய் மனுவை நீட்டினாள்.

"மூணு பேர் சுமந்திருக்கீக சார். நான் ஒருத்திக்குத்தான் அட்டை கேக்கேன்."

குணாளன் கடைசிப் படியில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டார். அதற்குள் அவள் குனிந்து புருஷனுக்கு முதுகைக் கொடுத்திருந்தாள்.