வாடகைக்கு விட்ட பின்வழி

குளத்து மேட்டில் சலங்கை என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. நடக்கும்போது அதன் முதுகு முட்கள் கலகலவென்று சத்தம் போடும். அதனால்தான் அந்தப் பெயர்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. மண்ணைத் தோண்டினால் கிழங்கு வரவில்லை, புழுதிதான் வந்தது. சலங்கைக்கு இரண்டு குட்டிகள். இரண்டின் வயிறும் ஒட்டிப் போயிருந்தது.

"இந்தக் கோடையில் என் பிள்ளைகளைச் சாக விடமாட்டேன்!" என்று சலங்கை முடிவு கட்டியது. முடிவு கட்டிவிட்டால் மட்டும் வயிறு நிறைந்துவிடுமா? என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தது.

அதனிடம் சொத்து என்று இருந்தது அதன் வளைதான். தன் நகத்தாலேயே தோண்டிய பெரிய வளை. முன்னால் ஒரு வாசல், உள்ளே மூன்று அறைகள், பின்னால் புதருக்குள் போய்த் திறக்கும் ஒரு குறுகலான வழி. ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்க அந்தப் பின்வழி. அது இல்லாமல் எந்த முள்ளம்பன்றியும் வளை தோண்டாது.

மற்ற குளங்கள் வற்றிவிட்டதால், எங்கெங்கோ இருந்த விலங்குகள் எல்லாம் இரவில் இந்தக் குளத்தைத் தேடி வந்தன. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவதற்குள் விடிந்துவிடும். வெயிலில் நடந்தால் கால் கொப்பளித்துவிடும். ஒதுங்க ஒரு நிழல் கிடைக்காமல் அவை அல்லாடின.

சலங்கை வாசலில் உட்கார்ந்து அவற்றைக் கூப்பிட்டுச் சொன்னது: "ஒரு பகல் என் வளையில தங்கிக்கோங்க. வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்க. அடுத்த தடவை வரும்போது உங்க பக்கம் கிடைக்கிற தீனி கொஞ்சம் கொண்டு வந்தா போதும்!"

ஒரு முயல் ஜோடி தங்கிப் போய், கோரைக்கிழங்கோடு திரும்பி வந்தது. பிறகு ஒரு மரநாய் அத்திப்பழத்தோடு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு குட்டிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கின. அதைப் பார்த்துச் சலங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தச் சேதி காகத்தின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? பறந்து வந்தது.

"அக்கா, வாசல்ல உட்கார்ந்து கூப்பிட்டா எத்தனை பேர் வருவாங்க? நான் காடு பூராவும் கூவிட்டு வர்றேன். வர்ற தீனியில எனக்கு ஒரு பங்கு கொடு!"

"நல்லவங்களா பார்த்து அனுப்புவியா?"

"ஆளைப் பார்க்கிறது உன் வேலை. கூவுறதுதான் என் வேலை!"

சலங்கை சரி என்றது. பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது யாரால் நிதானமாக யோசிக்க முடியும்?

காகம் மரத்துக்கு மரம் தாவிக் கூவியது. "குளத்து மேட்டுல குளுகுளு வளை! முள்ளம்பன்றி வீடு! ரெண்டே ரெண்டு சாதுவான குட்டிங்க, சத்தமே இருக்காது! வாடகைக்குக் கொஞ்சம் தீனி கொண்டு வந்தா போதும்! வாங்க, வாங்க!"

மறுநாள் விடியும்போதே வளை நிரம்பிவிட்டது. ஒரு அறையில் முயல்கள், ஒரு அறையில் மரநாய், கடைசி அறையில் சலங்கையும் குட்டிகளும். அந்த நேரம் பார்த்து ஒரு கிழட்டு ஆமை சப்பாத்திக்கள்ளிப் பழங்களை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"இடம் இல்லையே பெரியவரே," என்றது சலங்கை.

காகம் குறுக்கே புகுந்தது. "அதான் பின்வழி சும்மா கிடக்குதே!"

"அது ஆபத்துக்கு வச்சிருக்கிற வழி."

"இதுவரைக்கும் ஒரு ஆபத்தாவது வந்திருக்கா?"

"இல்லை…"

"அப்புறம் என்ன? சும்மா கிடக்கிற இடத்துக்கு யாராவது பழம் தருவாங்களா?"

சலங்கை பழங்களைப் பார்த்தது. குட்டிகளைப் பார்த்தது. "சரி, ஒரு பகல்தானே!" என்று விட்டுவிட்டது.

ஆமை பின்வழிக்குள் நுழைந்தது. பானைக்கு மூடி போட்டதுபோல் கச்சிதமாக அடைத்துக்கொண்டு படுத்தது.

உச்சி வெயில் நேரம். முன்வாசலில் சரசரவென்று ஒரு சத்தம். சலங்கை எட்டிப் பார்த்தது. மலைப்பாம்பு!

"இங்கே இடம் வாடகைக்குக் கிடைக்குமாமே! காகம் சொல்லிச்சு," என்றது பாம்பு.

"நிரம்பிடுச்சு. வேற இடம் பாருங்க!"

"பரவாயில்ல, நெருக்கிப் படுத்துக்குவேன்."

"வாடகைக்கு என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"எனக்கு எதையும் கொண்டு போற பழக்கமில்ல. போற இடத்துல இருக்கிறதைச் சாப்பிட்டுக்குவேன். சாதுவான குட்டிங்க ரெண்டு இருக்காமே?"

சலங்கை உள்பக்கம் தலையைத் திருப்பி, "எல்லாரும் பின்வழியா ஓடுங்க!" என்று கத்தியது.

குட்டிகளும் முயல்களும் மரநாயும் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. ஓடி, ஆமையின் ஓட்டில் போய் முட்டிக்கொண்டன.

"யாரது தட்டுறது?" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வெயில் தாழுற வரைக்கும் இந்த இடம் என்னுது! வாடகை கொடுத்தாச்சு!"

"தாத்தா, பாம்பு வந்திருக்கு!"

"வரட்டுமே! எனக்கு ஓடு இருக்கு!"

ஆமை தலையை இழுத்துக்கொண்டது. அது சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பகலுக்கு இடம் அதனுடையதுதான். கொடுத்தது சலங்கைதான்.

சலங்கைக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனால் அழுதுகொண்டு நிற்க அது நேரமில்லை. பாம்புக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. முட்களை எல்லாம் விறைத்து நிறுத்தி வாசலை அடைத்தது.

"ஆமைக்குப் பக்கத்து மண்ணைத் தோண்டுங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தியது.

"எவ்வளவு நேரம்மா தாங்குவே?" என்று குட்டிகள் அழுதன.

"நீங்க வெளியே போற வரைக்கும்!"

பாம்பு சீறிப் பாய்ந்தது. வாயெல்லாம் முள். பின்வாங்கியது, மறுபடியும் பாய்ந்தது. சலங்கையின் முட்கள் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு போயின, ரத்தம் வடிந்தது. முள் போன பக்கத்தை மறைத்து, முள் இருந்த பக்கத்தைக் காட்டி நின்றது. ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

கடைசியில், புதருக்குள்ளிருந்து குட்டிகளின் குரல் கேட்டது: "அம்மா, வெளியே வந்துட்டோம்!"

அந்தக் குரல் கேட்டதும் சலங்கைக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ! மிச்சமிருந்த முட்களோடு பின்னாலேயே வேகமாகப் போய் ஒரே இடி இடித்தது. பாம்புக்கு வாயை மூடக்கூட முடியவில்லை.

"அம்மாடி! இந்த வாடகை எனக்குக் கட்டுப்படியாகாது!" என்று முனகிக்கொண்டே ஊர்ந்து போய்விட்டது.

வெயில் தாழ்ந்ததும் ஆமை கொட்டாவி விட்டபடி வெளியே வந்தது. "நல்ல தூக்கம். சத்தம்தான் கொஞ்சம் அதிகம்," என்றது.

சலங்கை அதைத் திட்டவில்லை. பழங்களைத் திருப்பி அதன் முன்னால் வைத்தது. "உங்க மேல தப்பில்ல பெரியவரே. அந்த இடத்தை நான் கொடுத்திருக்கவே கூடாது."

காகம் வந்து பின்வழியை எட்டிப் பார்த்தது. "அடடே, அகலமாயிடுச்சே அக்கா! இனிமே ரெண்டு ஆமை படுக்கலாம்!"

"ரெண்டு அறை வாடகைக்கு உண்டு. வர்ற ஆளை இனி நானே பார்த்துச் சேர்த்துக்குவேன். நீ கூவ வேண்டாம்!"

"பின்வழி?"

"கிடையாது!"

"ரெண்டு மடங்கு தீனி கொடுத்தா?"

"இந்தக் காட்டையே கொடுத்தாலும் கிடையாது!"

காகம் பறந்து போய்விட்டது. மறுநாள் விடியற்காலையில், காயம் ஆறாத முதுகோடு சலங்கை மறுபடியும் வாசலில் வந்து உட்கார்ந்து விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தது. மழை வரும்வரை அதன் பிள்ளைகள் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை.

இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைப்பதில் தவறே இல்லை; ஆனால் ஆபத்தில் நம் பிள்ளைகள் தப்பிப் போகவேண்டிய வழியை மட்டும் எந்த விலைக்கும் விடக்கூடாது.