அசட்டூர் மேப் வழி சொன்ன விதம்

அசட்டூர் நகராட்சிக்காரர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல வேண்டாம், எனக்குக் கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷர்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அந்த ஊர் ஜெசிந்தாவுக்குக் கண் தெரியாது. புது கோர்ட்டில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. வழி தெரிந்துகொள்ளலாம் என்று நகராட்சி மேப்பைச் செல்போனில் திறந்தாள். எழுத்தை வாசித்துக் காட்டுகிற அந்தப் போன், "படம், படம், படம்" என்றே ஓதிக்கொண்டிருந்தது.

நேரே கமிஷனர் தணிகாசலத்திடம் போனாள். "சார், மேப்பில என்னென்ன தெரியுதோ அதையெல்லாம் எழுத்துல போடுங்க."

போட்டார்கள். மறுநாள் போன் வாசித்தது: "நீலக் கோடு. பச்சைக் கட்டம். பக்கத்தில் இன்னொரு பச்சைக் கட்டம்."

"இதுல கோர்ட் எங்க சார்?"

இன்ஜினியர் முத்தரசு கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தார். "மேப்பில கோர்ட் தெரியலையேம்மா. பச்சைக் கட்டம்தானே தெரியுது?"

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு நாளாவது கண்ணைக் கட்டிக்கிட்டு இந்த மேப்பை வச்சு நடந்து பாருங்க, புரியும்!" என்று கத்திவிட்டுப் போனாள்.

உடனே கூட்டம் போட்டார்கள்.

"கட்டை எப்ப அவிழ்க்கிறது?" என்றார் கமிஷனர்.

"அவிழ்க்கச் சொல்லலையே சார்."

"அப்ப அவிழ்க்கக் கூடாது."

ஆளுக்கொரு துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி கிளம்பினார்கள். காய்கறி மார்க்கெட்டில் கமிஷனரின் கை ஒரு கூடைக்குள் போனது.

"பச்சைக் கட்டம் வந்திருச்சா சார்?" என்றார் இன்ஜினியர்.

"கத்தரிக்காய் மாதிரி இருக்குய்யா."

"பச்சைக் கத்தரிக்காயா, ஊதாவா?"

"பார்த்தாத்தானே தெரியும்!"

"பார்க்கக் கூடாதே சார்!"

கடைக்காரி திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

காய் வாங்க வந்திருந்த ஜெசிந்தா குரல்களைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். புகார் கொடுக்கப் போய்ப் போய் நகராட்சி ஆபீசுக்கு மட்டும் அவளுக்கு வழி மனப்பாடம். "கல்லு இருக்கு, காலைத் தூக்குங்க. இடது பக்கம் சாக்கடை, ஒதுங்கி வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அத்தனை பேரையும் கொண்டுவந்து சேர்த்தாள்.

கமிஷனர் கைதட்டினார். "ஆகா! வழின்னா இப்படிச் சொல்லணும்யா! அம்மா, திங்கட்கிழமைக்குள்ள நம்ம மேப்பும் இப்படித்தான் வழி சொல்லும். அதுல ஒரு பட்டனை அழுத்தினாப் போதும்."

ஜெசிந்தா நிம்மதியாக வீட்டுக்குப் போனாள், பாவம்.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் பட்டனை அழுத்தினாள். "நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார்" என்றது போன். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பாட்டு. பத்து மணி நெருங்க நெருங்க அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஓர் இளநீர்க்காரர் வழி சொல்ல, ஓட்டமும் நடையுமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கி முடியவில்லை, செல்போன் அடித்தது. கமிஷனர்!

"என்னம்மா இது? அழகா வழி சொல்றீங்களேன்னு உங்க நம்பரைத்தானே அந்தப் பட்டன்ல போட்டு வச்சிருக்கோம்? காலையில யாரோ திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க, நீங்க எடுக்கவே இல்லையாமே! கண்ணு தெரியாத பொண்ணா இருந்தா, பாவம், எப்படிம்மா போய்ச் சேரும்?"