சுவருக்கு அந்தப் பக்கம் வெந்நீர்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, சரிவில் ஒரு சபை. மதியம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. எந்த ஊர், எந்தத் தெரு என்ற விசாரணை கிடையாது. சபையை நடத்துகிற தெய்வானைக்கு நாற்பது வயதுதான். ஆனாலும் சீடர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா.

காரட் மண்டி துரைக்கண்ணுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவரும் அக்கா என்பார். அக்கா அவரை அண்ணே என்பார். இருவரில் யார் மூத்தவர் என்ற வழக்கைச் சபையில் யாரும் எடுத்து நடத்தவில்லை.

ஒருநாள் அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது துரைக்கண்ணு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, மனசுல இருந்த பேதம் போயிடுச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"யார் மனசுல?"

"என் மனசுலதான்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"சுத்தமாப் போயிடுச்சுங்க. இருந்தாலும் உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா இருக்கும்."

அக்கா ஒரு பிடி பீன்ஸை அவர் பக்கம் தள்ளினார். "நார் எடுங்க."

துரைக்கண்ணுவின் ஒரே மகள் பூங்கோதை மூன்று வருடத்துக்கு முன் காலனிப் பையன் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு பேரும் பாதுகாப்புக் கேட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். துரைக்கண்ணுவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். எழுதித் தரச் சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே அவர் வெளியே வந்தார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பேத்தி பிறந்த செய்தியும் சுற்றி வளைத்துத்தான் வந்து சேர்ந்தது.

போன மாதம் அவரே போன் செய்தார். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வரச் சொல்லி அழைத்தார். மகள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"வர்றோம்ப்பா. மூணு பேரா வருவோம். அங்கே அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு இருந்தா, வந்த பஸ்ஸிலேயே திரும்பிடுவோம். அப்புறம் கூப்பிடாதீங்க."

வசதி உள்ளவனின் மனம் மாறினால் அது முதலில் சுவரில்தான் தெரியும். துரைக்கண்ணு வீட்டை இடித்துச் செப்பனிட ஆரம்பித்தார்.

"வந்து ஒரு தடவை பாருங்கக்கா. பார்த்தா நீங்களே சொல்வீங்க" என்றார்.

"பார்த்துடலாம்" என்று அக்கா கத்தியைக் கழுவி வைத்தார்.

வீட்டில் பிளம்பர் யூசுப் பைப் பதித்துக்கொண்டிருந்தார். துரைக்கண்ணு ஒவ்வொன்றாகக் காட்டினார். மலைக் குளிரில் குழந்தை தவழ வேண்டும் என்று பழைய சிமெண்டுத் தரைக்கு மேலே மரப்பலகை. சமையலறைக்கு மேலே பெரிய கீசர். எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் நடந்தார். பிறகு முழங்காலிட்டுத் தவழ்ந்தார். ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் தவழ்ந்தே போனார்.

யூசுப் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அக்கா, உங்களுக்கும் முதல் பிறந்தநாளா?"

"தரை நல்லா இருக்கு யூசுப். எழுந்திருக்கவே மனசு வரல."

அக்கா குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து கையை நீட்டினார். எல்லாம் சுட்டது. கடைசியில் கொல்லைப்பக்கம் போய், வீட்டின் சுவரை ஒட்டிக் கட்டியிருந்த தனி அறைக்குள் நுழைந்தார். தரை வெறும் சிமெண்டு. அங்கே இருந்த குழாயைத் திறந்து கையை நனைத்தார். அந்தக் கையைத் துரைக்கண்ணுவின் பிடரியில் வைத்தார்.

"ஐயோ!" துரைக்கண்ணு துள்ளிக் குதித்தார்.

"இது யாருக்கு அண்ணே?"

"கெஸ்ட் ரூமுங்க. மாப்பிள்ளைக்கு. அவரும் பாவம், தனியா, ஃப்ரீயா இருப்பாரு."

"மகளும் பேத்தியும்?"

"அவங்க உள்ளே, பெரிய ரூம்ல."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். துரைக்கண்ணு பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறு வாரம் அவர் சபைக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சரி பண்ணிட்டேன் அக்கா. வாங்க."

கொல்லை அறையிலும் பலகை போட்டிருந்தது. உள்ளே போட்டதைவிட உயர்ந்த பலகை. குழாயைத் திறந்ததும் ஆவி பறந்தது. மூலையில் ஒரு ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தது.

"இப்போ சொல்லுங்க. வித்தியாசம் எங்கே இருக்கு? எங்க ரூமே இவ்வளவு நல்லா இல்லை. கனகா சண்டை போடறா."

"அருமையா இருக்கு" என்று அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்தார். "இங்கேயே ஒரு டீ குடிக்கலாமா?"

துரைக்கண்ணு சுவரைத் தட்டினார். "கனகா! டீ!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி கனகவல்லியின் குரல் வந்தது. "கேக்குது, கேக்குது. சுவரை உடைச்சிடாதீங்க."

வெளியே மழை தூறத் தொடங்கியது. அவர்கள் காத்திருந்தார்கள். ஹாலைத் தாண்டி, முன்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் தட்டுமாகக் கனகவல்லி வந்து சேர்ந்தார். தட்டில் பாதி டீ, மீதி மழை.

அக்கா ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சு."

"ஆறாம என்ன செய்யும்?" என்றார் கனகவல்லி. "கூப்பிடு தூரத்துக்கு ஊரைச் சுத்தி வரணும். ரூம் கட்டினவர்கிட்டக் கேளுங்க."

அக்கா தலையை வெளியே நீட்டினார். "யூசுப், இங்கே வா. டீ ஆறிப்போச்சு. உன் தண்ணி மட்டும் எப்படிச் சூடா வந்துச்சு?"

"நான் ஏன் அக்கா சுத்தணும்? சுவரைக் குடைஞ்சு நேரா விட்டுட்டேன்." யூசுப் காட்டினார். ஹாலுக்கும் அறைக்கும் பொதுவான சுவரில், பைப் நுழைகிற இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. பூச்சு வேலை இன்னும் பாக்கி இருந்தது. அதன் வழியாக ஹாலின் வெளிச்சம் தெரிந்தது.

அக்கா குனிந்து அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "ஹாலுக்கு அந்தப் பக்கம் பெரிய ரூம் தெரியுது. தொட்டில்கூட தெரியுது." நிமிர்ந்தார். "இதை இன்னும் கொஞ்சம் பெருசாக்க முடியுமா?"

"நான் பைப்புக்காரன் அக்கா. மேலே தாங்கறதுக்கு ஏற்பாடு பண்ணணும், மேஸ்திரியைக் கூப்பிடணும். எவ்வளவு பெருசுன்னு சொன்னா நானே கூட்டிட்டு வந்துடறேன்."

அக்கா திரும்பினார்.

"மாப்பிள்ளை எவ்வளவு உயரம் அண்ணே?"

துரைக்கண்ணு வாயைத் திறந்தார். போலீஸ் ஸ்டேஷனின் தரை நினைவுக்கு வந்தது. பெஞ்சுக்கு அடியில் இரண்டு கால்கள், பழுப்பு நிறச் செருப்பு. அதற்கு மேலே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தெரியாதுங்க."

யூசுப் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துரைக்கண்ணு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"பூவு... அப்பாதான். உங்க வீட்டுக்காரரு எவ்வளவு உயரம்மா?"

"எதுக்குப்பா?"

"சுவரை உடைக்கப் போறோம். உள்ளேயே வர்ற மாதிரி. கதவு வைக்கணும்."

அவள் யாரையோ கூப்பிட்டாள். "ஏங்க, உங்க உயரம் என்ன?" ஒரு ஆணின் குரல், "ஏன், உங்கப்பா எனக்குச் சட்டை தைக்கிறாரா?" என்றது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று துரைக்கண்ணுவுக்குப் பிடிபடவில்லை.

"அஞ்சே முக்கால் அடியாம்ப்பா."

"குடுங்க இப்படி" என்று கனகவல்லி போனைப் பிடுங்கிக்கொண்டு மழைக்குள் ஓடினார். குடை அறையிலேயே கிடந்தது.

துரைக்கண்ணு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"யூசுப், மேஸ்திரியைக் கூப்பிடு. ஆறடிக்கு உடைச்சிடலாம். குனியாம வருவாரு."

"எட்டடிக்கு உடைக்கச் சொல்லுங்க அண்ணே" என்றார் அக்கா. "பேத்தி அவர் தோள் மேலே உக்காந்து வருவா."