பழகிடும்

பொதிகை அடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் சாகக் கிடப்பவர்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் நாதியற்றுக் கிடந்தவர்களைத் தூக்கிவந்து அங்கே படுக்கவைப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுப்பதும், எடுத்த ஆளைப் பழக்குவதும் வேதாசலத்தின் பொறுப்பு.

வேதாசலம் ஒரு மில்லில் ஆள் எடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காவி கட்டியும் அந்த மிடுக்கு மட்டும் போகவில்லை. வேலை கேட்டு வருகிறவர்களை வேப்பமரத்தடியில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, எதிரே மேஜை போட்டுக்கொண்டுதான் கேள்வி கேட்பார். மேஜைமேல் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அவருக்கு மேஜை வேண்டும்.

அன்று மத்தியானம் அவர் நீலாம்பிகை அம்மையின் முன்னால் போய் நின்றார். அம்மைதான் அந்த ஆசிரமத்தின் குரு. வேதாசலத்தைவிட வயதில் ரொம்பவே இளையவர்.

"என்னை இந்தப் பொறுப்பிலிருந்து விட்டுடுங்க அம்மா. நான் கை வெச்ச ஆள் நிக்கிறதில்லை. பவளமும் போயிட்டா."

மற்றவர்கள் போனபோது அவர் இவ்வளவு இடிந்துபோகவில்லை. வாடை தாங்காமல் ஒருத்தி போனாள், பயந்துகொண்டு ஒருவன் போனான். பவளம் அப்படியல்ல. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, முப்பது வயதில் வந்து சேர்ந்தவள். சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பாரவண்டி இழுத்த காத்தான் கிழவர் அவள் கையால் கொடுத்தால்தான் கஞ்சி குடிப்பார். அவள் போன பிறகு கிழவர் வாயைத் திறக்கவே இல்லை. ஆள் இல்லாவிட்டால் இல்லத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று அம்மை முன்பே சொல்லியிருந்தார். மூடினால் காத்தான் எங்கே போவார் என்பது வேதாசலத்துக்கு நன்றாகவே தெரியும்.

"ஏன் போனாளாம்?" என்று அம்மை கேட்டார்.

வேதாசலம் சொன்னார். காலையில் ஆண்டாள் என்ற கிழவி இறந்துபோனாள். பவளம்தான் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, பிணம் தூக்குகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எல்லாம் அவர் பழக்கிய முறைப்படி, ஒரு குறை சொல்ல முடியாது. அவர்கள் வருவதற்குள் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறாள். பாதி தின்ற பிறகுதான் தட்டு எதன்மேல் இருக்கிறது என்று பார்த்திருக்கிறாள். நேராக இவரிடம் வந்துவிட்டாள்.

"என்ன சொன்னா?"

"'கிழவி கால்மேல தட்டை வெச்சுச் சாப்பிட்டிருக்கேன் ஐயா, தட்டு ஆடாம நின்னுச்சு'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்தியா, நான் சொன்னேன்ல, பழகிடும்னு... அப்படீன்னேன். இனிமே நீதான் மத்தவங்களுக்குத் தலைமைன்னும் சொன்னேன். சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். அடுத்த பஸ்ஸுலயே போயிட்டா."

அம்மை எழுந்தார். "சரி ஐயா. என்னை வேலைக்கு எடுங்க."

சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தும்விட்டார். வேதாசலம் கூச்சத்தில் நெளிந்தார். குருவை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பதாவது! ஆனால் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்ததுமே முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

வாடை தாங்குவாயா என்று கேட்டார். குமட்டும் என்றார் அம்மை. ராத்திரி விழித்திருக்க முடியுமா என்றார். தூக்கம் வரும் என்றார் அம்மை.

"கண் முன்னால உயிர் போகும். அப்ப என்ன செய்வே?"

"அழுவேன்."

"மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும். போகப் போகப் பழகிடும்."

வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரிடமும் அவர் சொன்ன வார்த்தை அது.

"உங்களுக்குப் பழகிடுச்சா?"

"எனக்கு மொத வருஷமே பழகிடுச்சு."

பெருமையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு, காலையில் செத்த ஆண்டாளின் முகத்தை நினைத்துப் பார்த்தார். கட்டில் ஞாபகம் வந்தது. போர்வையும் ஞாபகம் வந்தது. முகம் மட்டும் வரவே இல்லை. வெறும் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அம்மை உள்ளே போய்க் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தார். "காத்தான் காலையிலேருந்து பட்டினி" என்று சொல்லி, அதை அவர் கையில் கொடுத்தார்.

வேதாசலம் ஊட்டத் தெரியாதவர் இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஊட்டிக் காட்டியிருக்கிறார். தலையை எப்படித் தூக்க வேண்டும், கரண்டியை எந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் காட்டுவதற்கு இல்லாமல், பசிக்காக ஒருவருக்கு ஊட்டியதே இல்லை.

காத்தான் வாயைத் திறக்கவில்லை. உதட்டில் வைத்த கஞ்சி கடைவாய் வழியே கழுத்தில் வழிந்தது. வேதாசலம் தன் துண்டாலேயே துடைத்துவிட்டு மறுபடியும் கரண்டியை நீட்டினார். கிழவரின் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பவளம் வரலியா?" என்றார் காத்தான்.

அவளை அனுப்பியது தன் வாய்தான் என்பதை வேதாசலம் இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வார்? கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீட்டிய கரண்டியிலிருந்து கஞ்சி படுக்கையில் சிந்தியது. வேதாசலம் அழுதார். மில்லை விட்டு வந்தபோதோ வீட்டை விட்டு வந்தபோதோ அழாத மனுஷன், விக்கி விக்கி அழுதார்.

அம்மை பக்கத்தில் வந்து நின்றார்.

"தாங்க முடியலை அம்மா," என்றார் வேதாசலம். "பழகிடும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அம்மை கிண்ணத்தை வாங்கி, ஏடு கட்டாமல் கஞ்சியைக் கலக்கி, திரும்ப அவர் கையிலேயே வைத்தார்.

"மாட்டேன் ஐயா," என்றார். "எனக்கு ஆள் வேணும்."