ஆவுடைத்தங்கத்தின் மூச்சு

ஊரெங்கும் தொற்று பரவிக் கிடந்த காலம். ஆற்றங்கரை மடத்துச் சுந்தரநாதருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சிஷ்யையாக வந்து சேர்ந்த ஆவுடைத்தங்கமோ அறுபதைத் தாண்டியவள். பஞ்சாலையில் உழைத்து உழைத்து நெஞ்சு முழுக்கத் தூசியை வாங்கிக்கொண்டவள். நாலு எட்டு வேகமாக வைத்தால் இளைப்பு வந்துவிடும்.

முந்தின வாரம், பெரியாஸ்பத்திரியில் கிடந்த தம்பியைப் பார்க்கப் பஸ் ஏறினாள். முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டியது. கீழே இழுத்துவிட்டு இருமினாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். யாரோ குடைக்கம்பால் அவள் தோளைத் தள்ளினார்கள். நடுவழியில் அவளை இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. அன்றோடு அவள் மடத்து வாசலைத் தாண்டவில்லை. தம்பிக்கு அவளை விட்டால் வேறு நாதியில்லை.

அவனுக்கு ரொம்ப முடியவில்லை என்று இன்று காலை போன் வந்தது. அவள் குருவின் முன்னால் வந்து நின்றாள்.

“சாமி, இந்தப் பயம் எப்பப் போகும்?”

அவர் துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டார். இன்ஹேலரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. அவளுக்கு அது அரைநாள் வழி. முட்டும்போதெல்லாம் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒதுங்கினாள். கவசத்தை இறக்கி, மருந்தை உறிஞ்சி, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விட்டாள். அவரும் சற்று எட்டி உட்கார்ந்தார். ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். அவள் நெஞ்சு விசிலடித்ததைக் கேட்டு எல்லோரும் விலகினார்கள். இதுக்கும் நோய் தொத்தியிருக்கு, வெளியே அனுப்புங்க என்றான் ஒருவன். அவள் தடுமாறித் திரும்பி, மதிலோரம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“என்னைப் பாத்துப் பயப்படுதாங்க சாமி.”

“எதுக்கு?”

“என் மூச்சு அவங்க மேல பட்டுருமாம்.”

“பட்டா ஒண்ணும் ஆகாதா?”

அவள் யோசித்தாள். “தெரியல.”

“அப்ப அவங்க பயமும் நெசம். உங்க மூச்சு முட்டுறதும் நெசம்.”

அவள் கவசத்தை இழுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எனக்குப் பழைய இளைப்பு. மெதுவாத்தான் வருவேன். தள்ளி நின்னு வழி விடுங்க.”

முறைத்தவர்கள் முறைத்தார்கள். ஆனாலும் வழி கிடைத்தது.

வார்டு வாசலில் நர்ஸ் தடுத்து நிறுத்தினாள். தம்பி கொஞ்சம் முன்னால்தான் போனான் என்றாள். ஆவுடைத்தங்கம் அழுதாள். கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டியது. சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். ஆளில்லாத மூலையில் கவசத்தைக் கழற்றி, நெடுநேரம் மூச்சுக்குப் போராடினாள்.

குரு காத்திருந்தார்.

“பயம் இன்னும் அப்படியே இருக்கு சாமி. தம்பியும் போயிட்டான். என்னத்துக்கு என்னக் கூட்டிட்டு வந்தீங்க?”

அவர் வார்டுப் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

“பயம் போகட்டும்னு காத்திருந்தா, அவன அநாதைன்னு எரிச்சிருப்பாங்கம்மா.”