சுழி பார்த்துப் பிடித்த புரோக்கர்

கோணப்பட்டியில் மாட்டு வியாபாரிகள் மூன்று பேர்: மொக்கச்சாமி, அவன் மச்சான் கழுவன், சித்தப்பா தவசி. மாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மற்றதைப் பற்றித் தெரிந்ததும் ஒன்றுமில்லை.

மொக்கச்சாமியின் மனைவி ஒச்சம்மாள் தன் எருமையை விற்றுவிட்டுக் கறாராகச் சொன்னாள்:

"ஊரே போன்ல கம்பெனிப் பங்கு வாங்குது. பொழுது சாயுறதுக்குள்ள நல்ல புரோக்கரா ஒருத்தரைப் பிடிச்சுட்டு வாய்யா. இல்லேன்னா அந்த எருமையையே திரும்ப ஓட்டிட்டு வந்துருவேன். நீதான் குளிப்பாட்டணும்."

அந்த எருமை, குளிப்பாட்டுகிறவனையும் சேர்த்துக் குளத்தில் முக்குகிற ரகம். மொக்கச்சாமி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு பேங்குக்கு ஓடினான், பாவம்.

பேங்க் மேனேஜரம்மா மூன்று போனிலும் ஆளுக்கொரு புரோக்கர் ஆப்பை இறக்கிக் கொடுத்தார். "அண்ணே, மாடு வாங்குறப்ப எப்படிப் பார்ப்பீங்களோ, அப்படிப் பார்த்து ஒண்ணை எடுத்துக்குங்க. ஓ.டி.பி. நம்பர் வந்தா மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார். நல்ல மனுஷி. என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியவில்லை.

மூவரும் சந்தைத் திடலுக்குப் போய், சாணமில்லாத இடமாகப் பார்த்துப் போன்களை வரிசையாக வைத்தார்கள்.

கழுவனின் போனில் ஆப்பைத் திறந்ததும் நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. மாட்டின் முடிச்சுழியைப் பார்ப்பதுபோல் தவசி குனிந்து பார்த்தார்.

"நெத்தியில சுழி இருக்குடா."

"நல்ல சுழியா மாமா, கெட்ட சுழியா?"

"ஒரு எடத்துல நின்னா சொல்லிருவேன். இது நிக்காமச் சுத்துதே. வாங்குனவன் குடும்பமும் இப்படித்தான் சுத்தும்."

அதைக் கழித்துவிட்டார்கள். தவசியின் போனில், ஆப்பின் முகப்புப் படத்தில் ஒரு ஆள் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். வயசுக்குப் பல் பார்க்கலாம் என்று கழுவன் அவர் உதட்டைக் கட்டைவிரலால் விலக்கினான். படம் நகர்ந்து போய்விட்டது.

"தலையைத் திருப்பிக்கிறாரு மாமா."

"கெழடு. வேண்டாம்."

மூன்றாவது மொக்கச்சாமியின் போன். சுழி இல்லை, படத்தில் இருந்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இனி விலைதான். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்கிற வழக்கமில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். மொக்கச்சாமி போன்மேல் துண்டைப் போட்டு உள்ளே கையை விட்டான். போன் உதறியது.

"சித்தப்பா, அவரும் கையைப் பிடிக்கிறாரு!"

"எத்தனை விரலு?"

"மொத்தக் கையும்!"

"கெட்டிக்காரர்தான். முடிச்சுரு."

போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒச்சம்மாள். பேரம் நடக்கையில் துண்டை விலக்கிப் பார்ப்பது மரியாதையில்லை என்பதால் யாரும் பார்க்கவில்லை.

பிறகு மொக்கச்சாமி தன் நம்பரைத் தட்டினான். ஓ.டி.பி. வந்தது. அது என்னவென்று ஆப் கேட்டது.

"சொல்லலாமா மச்சான்?"

"யார்கிட்டயும்னா இவரும்தான் மாப்ளே."

"இவருதானே அனுப்பினாரு?"

"அனுப்பினவருக்கு நம்பர் தெரியாதா? நம்ம வாயைக் கிண்டிப் பார்க்குறாரு."

மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நேரம் முடிந்துவிட்டது என்று ஆப் கைவிட்டது. ஜெயித்த சந்தோஷத்தில் மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வாங்கின மாட்டோடு பழைய கயிறு வரக் கூடாது. ஆகவே போனோடு கொண்டுவந்த சார்ஜர் ஒயரைச் சந்தையிலேயே விட்டுவிட்டு, போனுக்குப் புதுக் கயிறு கட்டி வீட்டுக்கு ஓட்டி வந்தார்கள். வருவதற்குள் போன் அணைந்துவிட்டது.

"கூப்பிட்டா எடுக்க மாட்டியாய்யா? எங்க புரோக்கரு?" என்று வாசலிலேயே மறித்தாள் ஒச்சம்மாள்.

மொக்கச்சாமி கயிற்றை நீட்டினான். "வந்த களைப்புல படுத்துட்டாரு."

அவள் போனை வாங்கி முதுகைத் தடவினாள். "சுழி?"

"இல்ல."

"பல்லு?"

"முழுசா இருக்கு."

போனைத் திருப்பி அடிப்பக்கத்தை மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"விவரங்கெட்ட மனுசா! பிடிச்சதுதான் பிடிச்ச, சினையா ஒண்ணு பார்த்துப் பிடிச்சிருக்கக் கூடாதா? தை பொறந்தா நம்மகிட்ட ரெண்டு புரோக்கர் இருந்திருக்குமே!"