மீசை வளர்ந்த தொட்டி

முன்னொரு காலத்திலே, நம் முப்பாட்டனுக்கே பால்பல் முளைக்காத காலத்திலே, மருதாளபுரி ராஜ்யத்து ஆற்றில் வீரமலை என்றொருவன் பரிசல் ஓட்டினான். அவன் மீசை ஒரு சாண் நீளம். அதை முறுக்குவதிலேயே அவனுக்குப் பாதிப் பொழுது போய்விடும்.

ஒரு நாள் பரிசலில் கும்பமாயன் என்ற மந்திரவாதி தனியாக ஏறினான். அவன் தாடையில் எண்ணி ஏழே முடி. வீரமலைக்கு வாய் சும்மா இருக்குமா?

"சாமி, தாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான்.

நுணலும் தன் வாயால் கெடும், பரிசல்காரன் எம்மாத்திரம்? மறு நொடியே அவன் கெளுத்தி மீனாகிப் பரிசலுக்குள் துள்ளினான்.

மந்திரவாதி அந்த மீனை ஒரு கண்ணாடித் தொட்டியில் போட்டு, வீரமலையின் மனைவி வெள்ளச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். தொட்டிக்கு அடியில் கூர்கூராய்ப் படிகக்கற்கள் மின்னின.

"இவன்தான் உன் புருசன். மூணு பௌர்ணமிக்குள்ள இவன் மீசை ஒரு சாண் வளர்ந்தா மனுசனாவான். வளரலேன்னா குழம்பு வெச்சுத் தின்னுருவேன். தினமும் தண்ணியை மாத்து, கல்லைக் கழுவு, வெயில்ல வை!"

வெள்ளச்சி அப்படியே செய்தாள். விடிந்ததும் தொட்டித் தண்ணீரை மொத்தமாய் இறைத்துவிட்டு, ஆற்றிலிருந்து முப்பது குடம் சுமந்து நிரப்புவாள். கல் ஒவ்வொன்றையும் புளி போட்டுத் தேய்ப்பாள். வெயில் நகர நகரத் தொட்டியையும் நகர்த்துவாள். மண்புழு தோண்டிப் போடுவாள். மீனோ புழுவைத் தொடாமல் மூலையில் ஒண்டிக்கொண்டு வாயைப் பிளந்தது.

முதல் பௌர்ணமியன்று காலை மந்திரவாதி வந்தான். "வெள்ளச்சி, மீசை எவ்வளவு?"

"ஒரு விரற்கடைதான் சாமி."

"உழைப்பு பத்தல. தண்ணியை மாத்து, கல்லைக் கழுவு, வெயில்ல வை!"

அவள் நம்பினாள். களைத்தவர்கள் எதையும் நம்பிவிடுவார்கள். சண்டை போடத் தெம்பு வேண்டாமா?

இரண்டாம் பௌர்ணமிக்கும் வந்தான். "வெள்ளச்சி, மீசை எவ்வளவு?"

"அரிசி நீளம்தான் சாமி."

"உழைப்பு பத்தல!" என்று சிரித்துக்கொண்டே போனான் பாவி.

அதற்குப் பிறகு வெள்ளச்சிக்கு இடுப்பு ஒடிந்தது. அழக்கூட முடியவில்லை. ஒரு நாள் பத்தாவது குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். "இன்னைக்கு இவ்வளவுதான் மாமா, மன்னிச்சுரு" என்று மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினாள். மறுநாள் கல் கிழித்துக் கையில் ரத்தம் வந்தது. கல்லையெல்லாம் கொல்லையில் வீசிவிட்டு, இரண்டு கூடை ஆற்றுமணலைக் கொட்டினாள். மூன்றாம் நாள் உச்சிவெயில் கண்ணைக் குத்தியது. பழைய சேலையைத் தொட்டிமேல் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே சுருண்டு படுத்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. சேலை ஓரத்தைத் தூக்கிப் புழுவைப் போடுவாள், மூடிவிடுவாள். மீசையை அளந்து பார்க்கப் பயம். சோம்பேறித்தனத்தால் புருஷனைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள். அந்த நினைப்போடே தூங்கிப்போவாள்.

மூன்றாம் பௌர்ணமி வந்தது. குழம்புச் சட்டியும் புளியுமாய் மந்திரவாதி வந்தான். "வெள்ளச்சி, மீசை எவ்வள..."

வாசலில் ஒருவன் நின்றான். உடம்பெல்லாம் மணல், தலையெல்லாம் ஈரம், மீசை ஒரு சாண். அவன் உதட்டில் விரலை வைத்தான்.

"சத்தம் போடாத. எம் பொஞ்சாதி தூங்குறா."

மந்திரம் முறிந்துவிட்டது. மந்திரவாதியின் ஏழு முடியும் உதிர்ந்தன. வாயைத் திறந்தான், ஒரு மந்திரமும் வரவில்லை. சட்டியைப் போட்டுவிட்டு ஓடினவன்தான், அந்த ராஜ்யத்துப் பக்கமே திரும்பவில்லை.

வீரமலை உலை வைத்தான். வெந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

பொழுது சாயும்போது வெள்ளச்சி பதறி எழுந்தாள். கண்ணைக்கூடத் திறக்காமல் குடத்தைத் துழாவினாள். "ஐயோ, தண்ணி மாத்தலையே!"

"வேணாம் புள்ள. நீ மொத்தமா மாத்துன புதுத் தண்ணி ஒத்துக்காம தினமும் செத்துப் பொழச்சேன். கல்லு மீசையத் தேச்சுது, வெயிலு என்னைய வாட்டுச்சு. நீ அசந்து கெடந்த நாள்லதான் எனக்கு உசிரு வந்துச்சு."

அவள் கண் திறந்து பார்த்தாள். மாமன்தான். கொஞ்ச நேரம் அழுதாள்.

"சோறு ஆக்கிட்டேன், சாப்புடுறியா?" என்று கேட்டான்.

"அப்புறம் மாமா" என்று அவன் மடியிலேயே தலைவைத்து மறுபடி தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போயும் அவன் அசையவில்லை.